கண்டியில எழும்புற மாடிக் கட்டிடத்த மாசா மாசம் போட்டோ எடுக்கப் போறவங்களுக்கு

போன மாசம் ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கோல் எடுத்தான். கண்டியில ஒரு பில்டிங் வேல கெடச்சிருக்காம், அத்திவாரத்துல இருந்து மேல் மாடி வரைக்கும் மாசா மாசம் போட்டோ எடுத்துக் குடுக்கணுமாம், "அண்ணே, நீங்க செஞ்ச வேலதானே, எவ்வளவு கேக்கலாம்"னு கேட்டான். எழுத்துல ஏதாச்சும் குடுத்தாங்களாடான்னு கேட்டேன். இல்லண்ணே, நல்ல மனுஷங்கன்னான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சி. 2021ல எனக்கு வேல குடுத்தவங்களும் ரொம்ப நல்லாத்தான் பேசினாங்க. அந்த வேலையில எனக்கு கைய விட்டுப் போனது ரெண்டு லட்சத்துக்கு மேல, நிம்மதி போனதுக்கு கணக்கே இல்ல. அந்த நேரம் தேடித் தேடிப் பாத்தும் இதப்பத்தி நம்ம ஊர் நெலமையில தமிழ்ல எழுதினது ஒண்ணும் என் கண்ணுல படல. அதனால அவனுக்கு போன்ல சொன்னத இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுமையா வாசிங்க.

நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழான்னு போட்டோ எடுத்துட்டு இருந்தேன். கொவிட்டால மண்டபம் எல்லாம் பூட்டிக் கெடந்த நேரம், தெரிஞ்ச மேசன் பாஸ் ஒருத்தர் மூலமா இந்த வேல வந்திச்சி. டவுனுக்கு வெளிய ஒரு சரிவுல அபார்ட்மென்ட், பதினஞ்சு மாடிக்கும் மேல. மாசம் 25,000 ரூபா, முதல் மாசத்துக் காசு கையிலயே குடுத்தாங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், அம்மா கோயிலுக்கு அர்ச்சன வச்சாங்க. கண்டியில ஒரு போடிங் ரூம் எடுத்துட்டு வந்துட்டேன்.

முதல்ல படத்தப்பத்தி சொல்றேன், ஏன்னா அந்தப் பகுதி எனக்கு இன்னைக்கும் பிடிக்கும். கொழும்புல இந்த உயரம் எல்லாம் ஒரு உயரமே இல்ல. தாமரைக் கோபுரம் 350 மீட்டர், அல்டெயர்ங்கிற அபார்ட்மென்ட் கட்டிடம் 240 மீட்டர், அங்க கட்டிடத்துக்குப் பின்னால வானம் மட்டும்தான் இருக்கு. கண்டி அப்படி இல்லீங்க. இங்க வானத்துக்கு ஓரம் கட்டுறது மலதான், ஒரு பக்கம் ஹந்தான, ஒரு பக்கம் பஹிரவகந்த, ஒரு பக்கம் உடவத்தகெலே காடு. பழைய டவுன 1988ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல சேத்தாங்க, அதனால தலதா மாளிகைய சுத்தி இஷ்டத்துக்கு உயர்த்திக் கட்ட ஏலாது, உயரமான கட்டிடம் சுத்தியுள்ள சரிவுகள்ல வருது. சரிவுல நிக்கிற கட்டிடம் எவ்வளவு உயரம்னு முடிவு பண்றது நீங்க நிக்கிற இடம். ஆர்தர்ஸ் சீட் மாதிரி மேட்டுல நின்னு எடுத்தா அதே பதினஞ்சு மாடி மரங்களுக்குள்ள அமுங்கிப் போயிடும், கீழ வாவி ரோட்டுல நின்னு எடுத்தா மலையோட முதுக வெட்டிட்டு மேல நிக்கும். ஒரே நாள், ஒரே கட்டிடம், ரெண்டு படத்தயும் பக்கத்துல வச்சா நம்ப மாட்டீங்க. கட்டுறவங்களுக்கு எப்பவும் ரெண்டாவது படம்தான் வேணும். எனக்கு ரெண்டும் வேணும்னு தோணிச்சி, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு மலதான் தெசை காட்டுது, அந்தக் கோடு எப்ப எந்த எடத்துல ஒடஞ்சதுன்னு யாராவது ஒருத்தர் எடுத்து வைக்கணும்.

அதுக்கு வேல தொடங்க முன்னமே, கட்டிடம் வர முன்ன இருந்த வெறும் மலைய எடுத்துடுங்க. தள்ளிப் போட்டா அந்தப் படம் திரும்பக் கெடைக்கவே கெடைக்காது. இன்னொண்ணு, கிட்ட நின்னு வைட் லென்ஸ்ல எடுத்தா கட்டிடம் மலைய முழுங்கிடும், நிமிந்து எடுக்கிறதால சுவர் எல்லாம் உள்பக்கமா சாஞ்சு தெரியும். ஒரு கிலோமீட்டர் மாதிரி தள்ளிப் போய் எதிர்ச் சரிவுல, கட்டிடத்தோட நடு மாடி உயரத்துக்கு ஒரு இடம் பிடிச்சு, கேமராவ நேரா மட்டம் பாத்து வச்சு, தூரத்துல இருக்கிறத கிட்டக் காட்டுற டெலி லென்ஸ்ல எடுங்க. மலையும் கட்டிடமும் அதோட அதோட அளவுல நிக்கும், கோடுகளும் நேரா வரும். மலைநாட்டு ஊர்கள்ல இந்த எதிர்ச் சரிவுங்கிறது பெரிய கொடுப்பினை, கொழும்புல இதுக்கு இன்னொரு மாடிக் கட்டிடத்துக்குத்தான் ஏறணும்.

வெயில் விஷயம் எனக்கு யாரும் சொல்லல, பல மாசத்துப் படம் மங்கிப் போன பெறகுதான் புரிஞ்சிச்சி. நம்ம நாட்டுல ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில சூரியன் உச்சிக்கு நேரா வருதுன்னு ரேடியோவுல சொல்வாங்களே, அதுல இருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமா நிக்கும், மத்த மாசங்கள்ல தெற்குப் பக்கம். எனக்கு கெடச்ச இடத்துல இருந்து தெரிஞ்சது கட்டிடத்தோட வடக்குச் சுவர். ஒக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தச் சுவர்ல நேர் வெயில் பொட்டுக்கூட விழாது, சீமெந்து சாம்பல், வானம் வெள்ள, படத்துல உயிரே இருக்காது. இது தெரிஞ்சா அந்த மாசங்களுக்கு தெற்குப் பக்கம் இன்னொரு இடம் பாத்துக்கலாம், இல்லாட்டி அந்திக்கு எடுக்கலாம். அந்தின்னாலும் நமக்கு கெடைக்கிறது சூரியன் விழுந்து இருபது நிமிஷம் மாதிரிதான், காலத்தப் பொறுத்து 5.45ல இருந்து 6.30க்குள்ள விழுது, அதுக்குள்ள வானம் நீலமா மாறி கிரேன் லைட்டும் எரியும், அந்தக் கொஞ்ச நேரத்த விட்டா இருட்டுதான். மூடுபனி நாள்ல கேமரா வெள்ளயப் பாத்து பயந்து படத்த இருட்டாக்கிடும், ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்த ரெண்டு மடங்கா, கூட்டி எடுங்க. பின்னேரம் மழ கட்டிக்கிற மாசங்கள்ல காலையில ஏழர எட்டுக்குள்ள வேலைய முடிச்சிடுங்க.

மாசா மாசம் ஒரே இடத்துல இருந்து எடுக்கணும்னா இடத்த உடும்புப் பிடியா பிடிச்சு வைக்கணும். ட்ரைபொட் கால் மூணும் நிக்கிற எடத்துல பெயின்ட்ல புள்ளி, உயரம் ஒரு கொப்பியில, சூம் லென்ஸ்னா எந்த எண்ணுல நிக்குதோ அங்க டேப் ஒட்டிடுங்க, போன மாசத்துப் படத்த போன்ல தொறந்து வச்சு ஓரத்துல இருக்கிற ஒரு தண்ணி டாங்கியயோ கோயில் கூரையயோ அடையாளமா வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. இதெல்லாம் நான் ஒழுங்கா செஞ்சேன். ஆனா நின்ன மொட்ட மாடி இன்னொருத்தரோடது. டவுன்ல ஹார்ட்வெயார் கட வச்சிருந்த முதலாளி, தங்கமான மனுஷன், "தம்பி எப்ப வேணும்னாலும் ஏறு, தேத்தண்ணி குடிச்சிட்டு போ"ன்னு சொன்னவர். அவர் சுகமில்லாம கடைய மகன் கையில குடுத்தார், மகன் மேல் மாடிய வாடகைக்கு விட்டுட்டார், ஒரு நாள் போறேன் கதவுல புதுப் பூட்டு. அவரையும் குத்தம் சொல்ல ஏலாது, அவங்க சொத்து. பெயின்ட் புள்ளி அங்கயே கெடக்கு, நான் கீழ ரோட்டுல நிக்கிறேன், அழுக வந்திடுச்சி. அதனால சொல்றேன், தொடக்கத்துலயே ரெண்டு இடம் வச்சுக்குங்க, அதுல ஒண்ணு யார்கிட்டயும் கேக்கத் தேவையில்லாத பொது இடமா இருக்கணும், மத்ததுக்கு சின்னத் தொகையாச்சும் மாசம் குடுத்து எழுதி வாங்கிக்குங்க. காசு வாங்கினவர் பூட்டு மாத்த முன்ன ஒரு வார்த்த சொல்வார்.

அந்தப் பொது இடத்துலதான் எனக்கு மத்த கஷ்டம் வந்திச்சி. அந்தி நேரம், நீளமான லென்ஸ், ட்ரைபொட், நான் தனியா. ரெண்டு பேர் வந்து ஐடென்டிட்டி கேட்டாங்க, பேரப் பாத்தாங்க, ஊரக் கேட்டாங்க. என் சிங்களம் கடைக்கும் பஸ்சுக்கும் போதும், இந்த மாதிரி வெளக்கம் சொல்லப் போதாது. கேமராவ வாங்கி ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தாங்க. அதுல என்ன இருக்கும், அதே கட்டிடம், அதே கோணம், போன மாசம், அதுக்கு முந்தின மாசம், திரும்பத் திரும்ப. நான் பெருமையா ஒழுங்கா எடுத்து வச்சதுதான் அவங்க கண்ணுக்கு வேவு பாக்கிற மாதிரி தெரிஞ்சிச்சி. ஏன் ஒரே இடத்த இத்தன தடவ எடுத்திருக்கேன்னு கேக்கிறாங்க, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. வேல குடுத்த கொம்பனி மேனேஜருக்கு கோல் எடுக்கிறேன், ரிங் போகுது, எடுக்கல. ராத்திரி வரைக்கும் உக்கார வச்சிட்டாங்க. அடிக்கல, கெட்ட வார்த்த பேசல, ஆனா உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருந்தேன், அம்மா கோல் எடுத்தா என்ன சொல்றதுன்னுதான் ஓடிச்சி. கடைசியில அந்த மேசன் பாஸ்தான் த்ரீவீல் பிடிச்சு வந்து பேசி என்ன வெளிய எடுத்தார். கார்ட்ல இருந்த படங்கள அழிச்சிட்டுத்தான் கேமராவ குடுத்தாங்க. 1998 ஜனவரியில தலதா மாளிகையில குண்டு வெடிச்ச ஊர் இது, 2019 ஈஸ்டர் குண்டுகளும் எல்லாருக்கும் நெனவுல இருக்கு, கவனமா இருக்கிறத நான் தப்புன்னு சொல்ல வரல. ஆனா தமிழ்ப் பேரோட கேமராவத் தூக்கிட்டு நிக்கிறவன் கையில ஒரு பேப்பர் இருந்திருந்தா அது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

அந்தப் பேப்பர் என்னன்னா, கொம்பனி லெட்டர்ஹெட்ல, சிங்களத்துல, உங்க பேர், ஐடென்டிட்டி நம்பர், எந்தக் கட்டிடம், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், என்ன தேவைக்கு, நிச்சயமா போன் எடுக்கிற ரெண்டு பேரோட நம்பர், சீல். ரெண்டு கொப்பி அடிச்சு ஒண்ணு கேமரா பேக்ல, ஒண்ணு பேர்ஸ்ல. கெளம்ப முன்ன அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. வாவி பக்கம் செக் பொயின்ட், கேம்ப், பொலிஸ் இருக்கிற தெசைக்கு லென்ஸ திருப்பாதீங்க, பின்னணியில வந்தாலும் கேள்வி வரும். முடிஞ்சா கூட ஒருத்தர கூட்டிட்டு போங்க, சிங்களம் நல்லா பேசுறவரா இருந்தா இன்னும் நல்லது. படம் அழிஞ்சிட்டா பதறாதீங்க, அந்தக் கார்ட்ல அதுக்குப் பெறகு ஒரு படம் கூட எடுக்காம கழட்டி வச்சிடுங்க, போட்டோரெக்னு ஒரு இலவச சொப்ட்வெயார் இருக்கு, நான் அதப் போட்டு பெரும்பகுதிய திரும்ப எடுத்துட்டேன். ட்ரோன் கேட்டாங்கன்னா இன்னும் கவனம். ட்ரோன் பறக்க விட சிவில் விமான சேவைகள் அதிகார சபையில பதிவு வேணும், தலதா மாளிகை இருக்கிற ஊர்ல அனுமதி இல்லாம ஏத்தினா ட்ரோனும் போகும் ஆளும் போவார். என்கிட்டயும் கேட்டாங்க, அனுமதிக் கடிதத்த நீங்களே எடுத்துக் குடுங்கன்னு சொன்னேன், அத்தோட அந்தப் பேச்சு நின்னிடுச்சி.

2022 வந்திச்சி. ஆயிரம் சொச்சத்துக்கு இருந்த சீமெந்து பேக் ரெண்டு மடங்கையும் தாண்டிப் போச்சு, கம்பியும் அப்படித்தான், எங்க சைட்ல வேல நின்னு போச்சு, கிரேன் கைய நீட்டினபடி மாசக்கணக்கா அப்படியே நின்னிச்சி. பெற்றோல் இல்ல, சில நாள்கள்ல பத்து மணித்தியாலத்துக்கும் மேல கரன்ட் வெட்டு. ஒரு விஷயம் சொல்லணும், வேல நின்ன அந்தக் காலத்தயும் எடுத்து வைங்க. ஆளில்லாத தளம், துருப்பிடிச்ச கம்பி, பாதியில நிக்கிற தூண், அதுவும் அந்த ஊரோட கதைதான். அப்ப காசு குடுக்கிறவங்க யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா பெறகு என்கிட்ட அதிகம் பேர் கேட்ட படங்கள் அதுதான்.

நான் அந்த நேரம் தோட்டத்துக்கு திரும்பிட்டேன், டெலி லென்ஸ் போடிங் ரூம் அலுமாரியில, பேக்குக்குள்ள பத்திரமா இருக்குன்னு நெனச்சேன். வந்து தொறந்து முன் கண்ணாடி வழியா போன் டோர்ச்ச அடிச்சுப் பாத்தா, உள்ள நடுவுல இருந்து ஓரத்துக்கு வெள்ள இழை இழையா, மெல்லிசா, கிள விட்டு கிள விட்டு போயிருக்கு, சிலந்தி வல மாதிரி. பூஞ்சணம். 85,000 ரூபாவுக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லென்ஸ். கழட்டி கழுவ 14,000 குடுத்தேன், இழ போச்சு, ஆனா கண்ணாடி மேல இருக்கிற பூச்ச அது தின்னிடுச்சி, வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சா படம் முழுக்க பால் ஊத்தின மாதிரி வெளிறிடும். கடைசியில 20,000க்கு குடுத்துட்டேன். மலைநாட்டுல கேமரா வச்சிருக்கிற எல்லாரும் தயவுசெஞ்சு கேளுங்க, பேக்குக்குள்ள, அலுமாரிக்குள்ள லென்ஸ பூட்டி வைக்காதீங்க. ரப்பர் ஓரம் வச்ச மூடியோட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு, கொழும்பு புறக்கோட்டையில எல்லாம் கெடைக்குது. மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில நிக்கணும், அறுபதத் தாண்டி நாள்கணக்கா நின்னா பூஞ்சணம் வளரத் தொடங்கிடும். ஜெல் நிறம் மாறினா தாச்சியில லேசா சூடாக்கினா பழைய நிறத்துக்கு வந்திடும், திரும்பப் போடலாம். அரிசிக்குள்ள போடச் சொல்வாங்க, வேணாம், தூசி உள்ள போகும். லென்ஸ வாரம் ஒருக்காவாச்சும் எடுத்து பாவிங்க. வெளிய குளிர்ல இருந்து வந்ததும் அடுப்படிப் பக்கம் கொண்டு போய் தொறக்காதீங்க, பேக்க மூடினபடியே அர மணித்தியாலம் வச்சிட்டு எடுங்க.

2023ல வேல திரும்பத் தொடங்கினப்போ சைட்டுக்குள்ள எடுக்கவும் கேட்டாங்க. அங்க ஒண்ணு படிச்சேன். வெளிய இருந்து எடுக்கிற அழகான படம் விளம்பரத்துக்கு, உள்ள எடுக்கிற அழகில்லாத படம்தான் வேலைய அளந்து கணக்குப் போடுற கியூஎஸ்சுக்கும் எஞ்சினியருக்கும் காசு மாதிரி. கொங்கிரீட் போட முன்ன கம்பி கட்டின தளம், தூணுக்குள்ள வளையம் எவ்வளவு இடைவெளியில இருக்குன்னு டேப் பிடிச்சு ஒரு படம், சரிவ வெட்டின எடத்துல மண் தாங்குற சுவர், அதுல தண்ணி வெளியேறுற குழாய், இதெல்லாம் மூடினா பெறகு யாராலயும் காட்ட ஏலாது. மண்சரிவு வர்ற மாவட்டங்கள்ல கட்டுறதுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அனுமதி வேணும், அதனால அத்திவாரப் படங்களுக்கு நம்ம மலைநாட்டுல பெறுமதி இன்னும் கூட. இந்த ரெண்டு வேலைக்கும் வேற வேற விலை கேளுங்க. தலையில ஹெல்மட், கால்ல சேஃப்டி சப்பாத்து இல்லாம தளத்துக்கு ஏறாதீங்க, சாரம் கட்டின பலகைய நம்பி பின்னுக்கு நகந்து பிரேம் பாக்காதீங்க. வேல செய்ற பசங்கள எடுக்கிறதுன்னா கேட்டுட்டு எடுங்க, அதுல பாதிப் பேர் நம்ம தோட்டத்துப் பசங்கதான்.

காசுக் கதைய சுருக்கமா சொல்றேன். கடைசி அஞ்சு மாசத்துக் காசு 125,000 வரவே இல்ல. நாளைக்கு, அடுத்த கிழம, ஹெட் ஒஃபிஸ் சைன் வைக்கல, இப்படியே போச்சு. இதுக்கிடையில ரோட்டோரத்துல பெரிய போர்ட் வச்சிருக்காங்க, அதுல என் படம். பஸ்ல போறப்போ அதப் பாத்து வந்த கோவத்த இங்க எழுத ஏலாது. லென்ஸ்ல போன 79,000த்தயும் சேத்தா மொத்தம் 204,000. தெரிஞ்ச ஐயா ஒருத்தர் மத்தியஸ்த சபைக்கு போகச் சொன்னார். லோயருக்கு காசு கட்டத் தேவையில்ல, ரெண்டு பக்கத்தயும் உக்கார வச்சு கேக்கிறாங்க. நான் வாட்ஸ்அப் மெசேஜ், மெயில் அனுப்பின திகதி, போர்டோட போட்டோ எல்லாத்தயும் பிரின்ட் எடுத்துட்டுப் போனேன், அதுதான் கை குடுத்திச்சி. தவணையில தர்றதா ஒத்துக்கிட்டு கையெழுத்து வச்சாங்க, 40,000 வந்திருக்கு, மிச்சத்துக்கு இன்னும் அலையுறேன். வாயால பேசின வேலைன்னாலும் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

வேல தொடங்க முன்ன ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வைங்க: மாசம் எத்தன படம், எந்தெந்த இடத்துல இருந்து, எந்தத் திகதிக்கு முன்ன காசு, வேல நின்னு போனா என்ன, இடம் பறிபோனா புது இடத்துக்கு செலவு யாரோடது, ட்ரோன் சேர்த்தியில்ல, விளம்பரப் பலகைக்கு பாவிச்சா தனிக் காசு, படத்தோட உரிமை யாருக்கு. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல போட்டோவும் பாதுகாக்கப்படுற படைப்புத்தான், ஆனா காசு வாங்கி எடுத்துக் குடுக்கிற படத்துல உரிமைய எழுத்துல தெளிவா போட்டுட்டா தர்க்கமே வராது. காசு வர்ற வரைக்கும் சின்ன சைஸ்ல உங்க பேர் அடிச்சு அனுப்புங்க, பெரிய பைல் காசுக்குப் பெறகு. சிங்களத்துல எழுத வராட்டி கோட்ஸ் (நீதிமன்றம்) பக்கத்துல டைப் பண்ணிக் குடுக்கிறவங்க இருக்காங்க, பெரிய தொகையெல்லாம் கேக்க மாட்டாங்க. நான் இப்ப பாவிக்கிற ஒப்பந்தமும் அனுமதிக் கடிதமும் ரெண்டு மொழியிலயும் இருக்கு, வேணும்ங்கிறவங்க கேளுங்க அனுப்புறேன், பேரையும் தொகையையும் மட்டும் மாத்திக்குங்க.